சக்கர வீட்டுக்கு ஒரு பிக்கப்

நாலுகல்லுப்பாளையத்தில் மாடு பார்த்து வாங்குவதில் சென்னியப்பனை மிஞ்ச ஆளில்லை. வேறு எதைப் பார்த்தாலும் அவருக்கு அதுவும் மாடாகவே தெரியும் என்பது ஒன்றுதான் குறை. வீட்டில் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. மனைவி பாவாயியின் தம்பிகள் நாச்சிமுத்துவும் காளியண்ணனும் இந்த விஷயத்தில் மாமாவைவிட ஒரு படி மேல்.

பாவாயி கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான வாரத்தில், "வர்ற மாசிக்கு திருச்செந்தூர் கூட்டிட்டுப் போய்க் கடலைக் காட்டறேன்" என்று சென்னியப்பன் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு மாசி வந்து போயிற்று. ஒரு வருஷம் மாடு கன்று போட்டது, ஒரு வருஷம் கிணற்று மோட்டார் எரிந்தது, மற்ற வருஷங்களில் காரணம் தேடக்கூட அவர் மெனக்கெடவில்லை. உண்மையான காரணம், சொந்த வீட்டைத் தவிர வேறெங்கு படுத்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

பதின்மூன்றாம் மாசி பிறந்ததும் பாவாயி சொன்னாள்: "இந்த மாசி முடியறதுக்குள்ள கடலைக் காட்டுங்க. இல்லீன்னா நானே பஸ்ஸேறிப் போயிருவேன். திரும்பி வர்ற பஸ்ஸை விசாரிக்க மாட்டேன்."

பாவாயி இல்லாத வீட்டைச் சென்னியப்பனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. யோசித்து யோசித்து, ஒரு சினிமாக் கம்பெனி கழித்துக் கட்டிய சக்கர வீட்டை ஏலத்தில் எடுத்தார். உள்ளே கட்டில், அடுப்பு, சன்னல் எல்லாம் உண்டு. கீழே சக்கரம். எஞ்சின் மட்டும் கிடையாது. வீட்டையே கூட்டிக்கொண்டு போனால் வீட்டில்தானே படுக்கிறோம் என்பது அவர் கணக்கு.

இனி அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டி வேண்டும். பழைய வண்டி விற்கும் கபூர் பாயின் தாராபுரத்து மைதானத்துக்கு, பாவாயியை உள்ளே ஏற்றி, சென்னியப்பனும் மைத்துனர்களும் டிராக்டரில் கட்டி வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"வீட்டையும் இழுக்கோணும், தினமும் சொசைட்டிக்குப் பால் கேனும் கொண்டு போகோணும். அப்படியொரு வண்டி குடுங்க" என்றார் சென்னியப்பன்.

கபூர் பாய் நல்ல மனுஷன். "ரெண்டே விஷயந்தானுங்க. தினமும் என்ன செய்வீங்களோ அப்படியே ஓட்டிப் பாருங்க. அப்பறம் வீட்டைக் கட்டி இழுத்துப் பாருங்க. பாரம் இழுக்கறதே தெரியக்கூடாது. அதுதான் நல்ல வண்டி."

மூவரும் இதை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

முதல் வண்டி சிவப்பு. சென்னியப்பன் மாட்டுக்கு வயசு பார்ப்பதுபோல அதன் முகத்துக்கு நேரே குனிந்து, முன்பக்கத்துக் கம்பிகளை எண்ணினார். "அஞ்சு பல்லு."

"மாட்டுக்கு ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு. அஞ்சு ஏது மாமா?" என்றான் நாச்சிமுத்து.

"ஒண்ணு விழுந்திருக்கும். கெழடு" என்றான் காளியண்ணன். சிவப்பு அத்தோடு கழிந்தது.

இரண்டாவது நீலம். பல் சரியாக இருந்தது. ஆனால் கதவில் வட்டமாக ஒரு கீறல். அது நல்ல சுழியா கெட்ட சுழியா என்று அரை மணி நேரம் பேசினார்கள். விலாப் பக்கம் சுழி இருந்தால் வீட்டுக்காரிக்கு ஆகாது என்று நாச்சிமுத்து சொன்னதும் சென்னியப்பன் பதறிப்போய் நீலத்தை விட்டு நாலடி தள்ளி நின்றார்.

மூன்றாவது வெள்ளை. பல் ஆறு, சுழி இல்லை, ஹாரனை அமுக்கினால் கம்பீரமாகக் கத்தியது. தினமும் செய்வதைச் செய்து பார்க்க ஊருக்கு ஓட்டிப் போனார்கள். பால் கேன் ஏற்றினார்கள், டீக்கடையில் நின்றார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு வேலித் தகராறும் சென்னியப்பனுக்குத் தினப்படி உண்டு என்பதால், வண்டியில் இருந்தபடியே அதையும் போட்டுப் பார்த்தார். சாயங்காலம் திரும்பி வந்து கபூர் பாயிடம் விவரம் சொன்னார்.

"அருமைங்க பாய். உசரமா உக்காந்து சண்டை போட்டா அவன் பேச்சு எடுபடவே மாட்டேங்குது."

அடுத்த நாள் காலையில் வீட்டைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சென்னியப்பன் முகம் வாடிவிட்டது. "இழுக்கறது கொஞ்சம் தெரியுதுங்களே, பாய்."

"வீடுங்களே அது! கொஞ்சம் தெரியத்தானுங்க செய்யும்."

"நீங்கதான தெரியக்கூடாதுன்னீங்க?"

கபூர் பாய் வானத்தைப் பார்த்தார். அப்போது சக்கர வீட்டின் சன்னல் திறந்தது. "மாசி நாளையோட முடியுது" என்று பாவாயியின் குரல் மட்டும் வந்தது. சன்னல் சாத்திக்கொண்டது.

வெள்ளையே போதும் என்று சென்னியப்பன் முடிவு செய்தார். மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டைப் போட்டு, அதற்கடியில் கபூர் பாயின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். பாய் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம் என்று வியாபாரம் முடிந்தது.

மறுநாள் விடியற்காலை மைதானத்திலிருந்தே புறப்பாடு. பாவாயி வீட்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூவரின் போன்களும் உள்ளேதான் சார்ஜில் கிடந்தன. அந்த நேரத்தில் காளியண்ணனுக்கு ஒரு ஞாபகம் வந்தது.

"மாமா! கயிறு!"

மாட்டை விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், வாங்கியவன் புதுக்கயிறு போட வேண்டும். இது வழக்கம். விற்றவன் கயிற்றோடு ஓட்டிப் போனால் மாடு தங்காது. வண்டியில் கயிறு எது என்று மூவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். வண்டியையும் வீட்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது கபூர் பாய் போட்ட இரும்பு ஆணி ஒன்றுதான். அதை உருவித் துடைத்து, இன்னும் வந்து சேராத பாயின் மேஜைமேல் மரியாதையாக வைத்தார்கள். மஞ்சள் தடவிய புதுக்கயிற்றை வண்டியின் மூக்கில் கட்டினார்கள். கயிறு கட்டுகிற இடம் மூக்குதானே?

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கப்படாது. வாங்குன மாடு பழைய கட்டுத்தறியத் திரும்பிப் பாத்தா அங்கயே ஓடிரும்" என்று எச்சரித்தபடி நாச்சிமுத்து இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் மடக்கினான்.

வண்டி கிளம்பியது. பத்தடி போனதும் சென்னியப்பனின் கண்கள் விரிந்தன.

"மாப்ளே... இழுக்கறதே தெரியல!"

"எனக்கும் தெரியல மாமா!" என்றான் நாச்சிமுத்து.

"கயிறு மாத்துனதும் என்ன சுறுசுறுப்பு பாத்தீங்களா!" என்றான் காளியண்ணன்.

சென்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. பன்னிரண்டு வருஷத்துச் சொல்லைக் காப்பாற்றப்போகிறோம் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் வந்தது.

பத்து மைலுக்கு ஒரு தடவை வண்டிக்கு இளைப்பாறுதல் கொடுத்தார்கள். குளத்தைக் கண்டால் சாலையை விட்டு இறங்கித் தண்ணீர் காட்டினார்கள். அப்போதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒதுங்கப் போன நாச்சிமுத்து நேராக முன்னால் போய், முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து சேர்ந்தான். சென்னியப்பன் மட்டும் முன்னால் பார்த்தபடியே, "பாவாயி, சவுகரியமா இருக்குதா?" என்று அவ்வப்போது குரல் கொடுத்தார். பதில் வரவில்லை.

"அக்கா தூங்குது. அலுங்காம குலுங்காமப் போனா தூக்கம் வராதா?" என்றான் காளியண்ணன்.

திருச்செந்தூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடற்கரைக்கு வண்டியை விட்டார்கள். எதிரே, மணலோரத்தில், அவர்களுடைய சக்கர வீடு நின்றுகொண்டிருந்தது.

அதன் படியில் உட்கார்ந்து கபூர் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் அந்தச் சிவப்பு வண்டி கட்டியிருந்தது. கொஞ்ச தூரத்தில், முழங்கால் வரை தண்ணீரில், பாவாயி. சேலை நனைந்து கிடந்தது. அலை வரும்போதெல்லாம் சின்னப்பிள்ளைபோலக் கத்திச் சிரித்துக்கொண்டு பின்வாங்கினாள், மறுபடி ஓடினாள். அவள் இப்படிச் சிரித்து சென்னியப்பன் பார்த்ததே இல்லை.

மூவரும் இறங்கினார்கள். வீட்டைப் பார்த்தார்கள். வழக்கத்தை மறந்து முதன்முறையாகத் திரும்பி, வண்டியின் பின்பக்கத்தையும் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

கடைசியில் நாச்சிமுத்து மெல்லச் சொன்னான்: "நம்ம வண்டி இழுத்த இழுப்புல, வீடு நமக்கு முன்னாடி வந்து சேந்திருச்சு மாமா."

"அதுதான் நானும் நெனைச்சேன். இழுக்கறதே தெரியாம இழுத்திருக்குது" என்றார் சென்னியப்பன்.

கபூர் பாய் வாயில் வைத்த டீயைத் துப்பிவிட்டார். "சாமீ, ஆணியை உருவி வெச்சுட்டு வீட்டை எம்பட மைதானத்துலயே விட்டுட்டுப் போயிட்டீங்க! இந்தம்மா, 'கடலைக் காட்டுங்க பாய்'ன்னு கண்ணுல தண்ணி விட்டாங்க. அந்த அஞ்சு பல்லுக் கெழடுலதான் கட்டி இழுத்துட்டு வந்தேன்."

காளியண்ணன் சிவப்பு வண்டியை இரக்கத்தோடு தட்டிக் கொடுத்தான். "நம்ம வீடு போன வேகத்துல இதையும் தள்ளிட்டு வந்திருக்குது, பாவம்."

சென்னியப்பன் கடலைப் பார்த்தார், பாவாயியைப் பார்த்தார், நிறைவாகத் தலையாட்டினார். பிறகு புது வண்டியை ஓட்டிவந்து சக்கர வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, மூக்கிலிருந்த மஞ்சள் கயிற்றை வீட்டின் பின்பக்கத்தில் இறுக்கிக் கட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" என்று கபூர் பாய் அலறினார்.

"எப்படியும் வீடு முன்னாடிதானுங்களே போகப்போகுது. திரும்பிப் போறப்பவாச்சும் புடிச்சு நிறுத்த ஒரு கயிறு வேணாமுங்களா?"

பாவாயி சேலையைப் பிழிந்துகொண்டே கரையேறி வந்தாள். கட்டியிருந்த கயிற்றை ஒரு தடவை பார்த்தாள், புருஷனை ஒரு தடவை பார்த்தாள்.

"பாய், தாராபுரத்துக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?" என்று விசாரித்தாள்.