கோட்டின் அகலம்

"எல்லைக்கோட்டைச் சுரண்டியே பார்த்துட்டேன் அம்மா. அடியில வெறும் துணிதான் இருக்கு."

சொன்னவர் கொற்றர், அரசரின் வரைபடக்காரர். கேட்டவள் அவருடைய குரு செங்கோதை. குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. அதில் கொற்றருக்கு வருத்தமில்லை, மலை ஏறி வருவதில்தான் வருத்தம்.

"அடியில என்ன இருக்கும்னு நினைச்சீங்க?"

"ஊருணி."

செங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொற்றருக்கு வரவில்லை, பாவம்.

கொன்றைப்பட்டிக்கும் புன்னைப்பட்டிக்கும் நடுவே ஒரே ஒரு ஊருணி. குடிதண்ணீருக்கு இரண்டு ஊரும் மல்லுக்கு நின்றன. 'எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் ஊருணி இருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஊருக்கே அது சொந்தம். மற்ற ஊர் ஆற்றுக்கு நடக்கட்டும்' என்று அரசர் சொல்லிவிட்டார். இன்று பொழுது சாய்வதற்குள் கொற்றர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆறோ வெகுதூரம்.

"வழிப்படத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சாலை இருக்கு, ஊருணி இல்ல."

"நீர்ப்படம்?"

"ஊருணி இருக்கு. எல்லை இல்ல."

"எல்லைப்படம்?"

"எல்லை இருக்கு. அது ஊருணி மேலேயே போகுது. அணில்முடித் தூரிகையால நானே போட்ட கோடு, அம்மா. அதைவிட மெல்லிசா இந்த நாட்டுல யாராலயும் போட முடியாது."

தொழில் கர்வம் அவரைச் சோற்றிலும் விடாது, துக்கத்திலும் விடாது.

செங்கோதை ஒரு கூடைச் சுண்ணாம்புப் பொடியை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"அந்தக் கோட்டைத் தரையில போடுங்க."

"எவ்வளவு அகலத்துக்கு?"

"படத்துல போட்ட அதே கணக்குக்கு."

அவ்வளவுதான். அவள் உள்ளே போய்விட்டாள்.

மலையிறங்கும்போது கொற்றர் கணக்குப் போட்டார். படத்தில் ஒரு விரற்கடை என்றால் தரையில் ஒரு காதம். அவர் கோடுகள் எட்டை ஒட்டி ஒட்டிப் போட்டால் ஒரு விரற்கடை வரும். அப்படியானால் ஒரு கோடு...

கொற்றர் நடுவழியில் நின்றார். கணக்கை இன்னொரு முறை போட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினார்.

ஊருணிக்கரையில் இரண்டு ஊரும் முறைத்துக்கொண்டு நின்றன. புன்னைப்பட்டி அன்னக்கொடி இடுப்பில் காலிக் குடம் வைத்திருந்தாள். கொன்றைப்பட்டி மாடசாமி படிக்கட்டை மறித்து நின்றான்.

"கோடு எங்கய்யா?" என்றான் மாடசாமி.

"போடறேன், வாங்க."

கொற்றர் மேற்கே நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது. கொன்றைப்பட்டித் தெருக்கள் வந்தன. அவர் நிற்கவில்லை. கடைசி வீடும் வந்தது, மாட்டுக்கொட்டிலும் வந்தது. அதையும் தாண்டிப் பொட்டல் நடுவே குனிந்து ஒரு பிடி சுண்ணாம்பைப் போட்டார்.

"இது கோட்டோட ஒரு விளிம்பு."

"மறு விளிம்பு?"

திரும்பிக் கிழக்கே நடந்தார். ஊருணியைத் தாண்டினார், புன்னைப்பட்டியையும் தாண்டினார். சோளக்கொல்லையின் கடைசியில் இன்னொரு பிடி போட்டார். வியர்வை ஒழுகியது. ஆனாலும் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"இது மறு விளிம்பு. நான் போட்ட கோடு அரைக்கால் காதம், காதத்துல எட்டுல ஒரு பங்கு அகலம், ஐயா!"

கூட்டத்துக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

மறுபடியும் ஊருணிக்கு வந்து சேர்ந்ததும் மாடசாமி விடவில்லை. "அப்ப ஊருணி எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்ல. கோட்டுக்குள்ள இருக்கு."

"எங்க ஊரு?"

"கோட்டுக்குள்ள."

"அவங்க ஊரு?"

"அதுவும்தான். எல்லாரும் ஒரே கோட்டுக்குள்ளதான் குடியிருக்கீங்க."



அன்னக்கொடி குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள்.

"கோட்டுக்குள்ள குறுக்க நிக்காத அண்ணே. தண்ணி எடுக்கணும்."

மாடசாமி படியைவிட்டு விலகி நின்றான்.