பூத்தூளுக்கு வழி சொன்னது யார்?

ஆற்றோர மடத்தின் குரு அமுதவல்லிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர்களில் ஒருத்தி வடிவாம்பாள், ஐம்பதைத் தாண்டியவள். ஆனாலும் குருவை அவள் "அம்மா" என்பாள். அவர் அவளை "அக்கா" என்பார்.

கணவனை இழந்து தனியாக இருந்த வடிவாம்பாள், வெள்ளத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த பொன்மணி என்ற ஆறு வயதுக் குழந்தையைத் தத்தெடுத்திருந்தாள். அந்தப் பிள்ளை பேசுவதே அபூர்வம். தொட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் வடிவாம்பாள் கண் சிவக்க மடத்துக்கு வந்தாள். மழையில் வண்டு வரத்து இல்லை என்று குரு பரங்கிப் பந்தலில் பெண்பூக்களுக்குத் தம் கையாலேயே மகரந்தத் தூள் தொட்டுவைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டுப் பாவாடை, பொம்மை, பால்கோவான்னு எல்லாம் கொடுத்துப் பார்த்துட்டேன் அம்மா. என் பாசம் அவளுக்குப் போய்ச் சேரல. அவளை வேற யார்கிட்டயாவது விட்டுடணுமோன்னு பயமா இருக்கு."

குரு ஒரு ஆண்பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு அவளிடம் நீட்டினார். வடிவாம்பாள் அதைப் பெண்பூவுக்குள் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

"தூள் பட்டா போதும் அக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் நமக்கு வேலை இல்ல."

வடிவாம்பாள் குனிந்து பார்த்தாள். "சூல் எவ்வளவோ கீழ இருக்கு. இந்தத் தூளுக்குக் கண்ணா, காலா? எப்படிப் போகும்?"

"மேல இருக்கிற சூல்முடி, வந்தது யாருன்னு முதல்ல பார்க்கும். பாகல் பூத்தூளைக் கூடை கூடையாக் கொட்டினாலும் காய் பிடிக்காது. நம்ம இனம்னு தெரிஞ்சாத்தான் ஈரம் கொடுக்கும். ஈரம் பட்ட தூள் நூல் மாதிரி ஒரு குழாய் விடும்."

"வழி எப்படித் தெரியும்?"

"உள்ள இருக்கிற சூல் மணம் மாதிரி எதையோ கசியவிடும். அது கூப்பிடக் கூப்பிட குழாய் நகரும்."

"தூள் பதிலுக்கு ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லும். கேட்டதுக்கு மட்டும்."

குரு அடுத்த பூவுக்கு நகர்ந்தார். "பொன்மணி உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்காளா?"

"ஒண்ணும் இல்ல அம்மா. நேத்து மட்டும், லைட் சுவிட்ச் எங்க இருக்குன்னு கேட்டா."

"நீங்க?"

"பதறிப்போயிட்டேன். 'இருட்டுன்னா பயமா கண்ணு? விடிய விடிய லைட்டைப் போட்டே வைக்கிறேன், நான் இருக்கேன்'னு கட்டிப்பிடிச்சேன். திமிறிக்கிட்டு ஓடிட்டா."

"சுவிட்ச் எங்க இருக்கு?"

வடிவாம்பாள் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சுவிட்ச் பொன்மணிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வடிவாம்பாள் அதைச் சுட்டிக் காட்டினாள். கீழே ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் முக்காலி இழுபடும் சத்தம். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடியும் எரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூச்சு வாங்கியது.

"அம்மா! அவ இன்னொண்ணு கேட்டுட்டா. 'நீ எங்க படுப்பே'ன்னு என்னைக் கேட்கிறா! அவசரப்பட்டுக் கெடுத்துடக் கூடாதேன்னு உங்ககிட்ட ஓடி வந்தேன். என்ன சொல்லட்டும்?"

குரு கையில் ஒட்டியிருந்த பூத்தூளை உதறிக்கொண்டே கேட்டார்:

"எங்க படுக்கிறீங்க அக்கா?"