சந்தைவாசல் பொன்னாடை

மருதந்துறையில் வணிகர் சங்கம் என்று ஒன்று இருந்தது. வருஷம் தவறாமல் தை மாதம் விருது விழா எடுக்கும். "ஊர் போற்றும் உத்தம வணிகர்" என்று ஒருவருக்குப் பட்டம். ராஜா கையால் பொன்னாடை. அதோடு, சந்தையில் எந்த இடம் பிடித்திருக்கிறதோ அந்த இடம் ஒரு வருஷத்துக்கு அவருக்கே. யார் கடை அங்கே இருந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்!

உத்தமரை யார் தேர்ந்தெடுப்பது? சங்கத் தலைவர் தில்லைமுத்து. போன வருஷம் யார் உத்தமர்? தில்லைமுத்து. அதற்கு முந்தின வருஷம்? அவர் தம்பி. அதற்கும் முந்தின வருஷம்? அட, அதுவும் தில்லைமுத்துதான். தவசதானியக் கடைக்காரர், அடக்கம் மட்டும் அவர் கடையில் ஸ்டாக் இல்லை.

இந்த வருஷமும் அவரேதான் என்று செய்தி வந்தது. சந்தைவாசல் முக்குதான் வேணுமாம். அங்கே இருபது வருஷமாக அங்காயி வறுகடலை விற்கிறாள். அவளுக்கு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் அரசவை விகடகவி கூத்தபிரானுக்கு வயிறு எரிந்தது. தினமும் சாயங்காலம் அங்காயி கடலை உள்ளே போகாவிட்டால் அவருக்கு ஒரு சிலேடைகூட வராது. நேரே அரண்மனைக்கு ஓடினார்.

ராஜா நன்மாறபூபதி ஏற்கெனவே கடுப்பில் இருந்தார்.

"கூத்தா, ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறதாம். 'தில்லைமுத்துவுக்குத் துண்டு போடுற ராஜா'ன்னு பேராம்!"

"நிறுத்திவிடுங்களேன், மகாராஜா."

"எப்படி நிறுத்துவேன்? சங்கத்தின் முடிவில் ராஜா தலையிடக் கூடாதுன்னு என் தாத்தா செப்பேடு எழுதிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறார். அந்த ஆளே தன் வாயால் 'எனக்கு வேண்டாம்'னு சொன்னால்தான் உண்டு. நீ சொல்ல வை."

"தில்லைமுத்துவா? வேண்டாம்னா? அவர் எழவு வீட்டுக்குப் போனாலும் மாலை தனக்குன்னு நினைக்கிற ஆளாச்சே!"

"சொல்ல வைக்கலேன்னா நாளைக்கு விருது ஊர்வலத்தில் அவர் பல்லக்கை நீதான் தூக்குவே. முன்பக்கம்!"

மறுநாள் சந்தைவாசலில் பந்தல். நாதஸ்வரம் பிய்த்து உதறியது. அங்காயி கடலைச் சட்டியையும் அளக்கிற படியையும் சாக்கில் கட்டி வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்ன அங்காயி, கிளம்பிட்டியா?" என்றார் கூத்தபிரான்.

"வேற என்ன சாமி செய்ய? தொழுவத்துக்குப் பின்னால மாடுதான் கடலை வாங்கணும்."

"சாக்கை அவிழ்க்கிற மாதிரி லேசா முடிச்சுப் போடு."

மேடையில் தம்பிக்காரர் வாழ்த்துப் படித்தார். நேர்மையில் மலை, வாக்கில் கடல் என்று அரை நாழிகை. தில்லைமுத்து தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்படுவது போல நடித்தார். ராஜா பொன்னாடையை எடுத்தார். கூத்தபிரான் குறுக்கே பாய்ந்தார்.

"மகாராஜா, ஒரு நிமிஷம்! இப்பேர்ப்பட்ட உத்தமருக்கு வெறும் துணியா? வெட்கக்கேடு! அவர் கடைப் படியையே ராஜ்யத்துக்கெல்லாம் ராஜமுத்திரைப் படியாக அறிவியுங்கள். அரண்மனைக் களஞ்சியத்திலும் அதுதான். எல்லாச் சந்தையிலும் அதுதான். இந்த வாசலில் ஒரு கல்லை நட்டு, தில்லைமுத்து படின்னு பேர் பொறித்து வைப்போம்!"

தில்லைமுத்துவுக்குப் புல்லரித்துவிட்டது. கல்லில் பேரா! நாட்டுக்கே தன் படியா! சந்தோஷத்தில் மூளை கழன்றுகொண்டது. கடையைக் கவனித்துக்கொள்ளும் மைத்துனன் வீரப்பன் கூட்டத்தில் நின்றான். சொன்னதைச் செய்வான், அதற்கு மேல் யோசிக்க மாட்டான்.

"மாப்ளே! ஓடிப்போய் நம்ம படியை எடுத்துட்டு வா!" என்று மேடையிலிருந்தே கத்தினார்.

வீரப்பன் நாலு அடி ஓடினான். நின்றான். திரும்பினான். ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டான்.

"எந்தப் படி அத்தான்? வாங்குற படியா, விக்கிற படியா?"

நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி வாயிலிருந்து நழுவியது. அப்புறம் பந்தலே ஆடுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"ஓகோ," என்றார் ராஜா. "ரெண்டு இருக்கா? ரெண்டையுமே கொண்டு வரச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டே பொன்னாடை போடுகிறேன்."

தில்லைமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. "மகாராஜா... எனக்கு... எனக்கு இந்த விருது வேண்டாம். தகுதி இல்லை."

"சத்தமாகச் சொல்லுங்கள், செப்பேட்டுக்குக் கேட்கவில்லை," என்றார் கூத்தபிரான்.

"வேண்டாம்!"

"அப்போ உங்கள் தம்பிக்கு?"

தம்பியைக் காணோம். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பந்தலுக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரே ஒரு படி வைத்திருப்பவர் யார் என்று ராஜா கேட்டார். ஓரத்திலிருந்து அங்காயி சாக்கை அவிழ்த்து, நசுங்கிப்போன ஒரு படியை உயர்த்திக் காட்டினாள்.

"இதான் சாமி இருக்கு. இன்னொண்ணு வாங்க வசதியில்லே."

களஞ்சியப் படியோடு ஒப்பிட்டார்கள். நசுங்கியும் ஒரு பிடி கூடத்தான் பிடித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுத்துப் பேச அங்கே ஒரு சங்கத்துக்காரரும் மிச்சமில்லை. பொன்னாடை அங்காயி தோளில் விழுந்தது, சந்தைவாசல் முக்கு அவளுக்கே நிலைத்தது. கூத்தபிரானுக்கு ஆயுசுக்கும் கடலை, செலவு அரண்மனையுடையது.

அடுத்த வருஷமும் விழா நடந்தது. உத்தம வணிகர் பட்டம் ஊர்க் கொல்லனுக்கு. ஒரே வாரத்தில் சங்கத்துக் கடைகள் அத்தனைக்கும் புதுப் படி அடித்துக் கொடுத்ததற்காக!