முறை பார்க்க நேரமில்லை

ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவரோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தக் கரையை வெட்டித் தண்ணீரை வெளியே விடுவது என்று சொல்ல ஆளில்லை. வெட்டுகிற பக்கத்து வீடும் வயலும் போகும். வெட்டாவிட்டால் ஊரே போகும்.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஊரவையை நடத்துபவர் சடையப்பன். அவர் வீடு மேலக்கரையில்.

அவையின் முறை பழையது. எல்லாத் தெருக்காரர்களும் வந்து சேர வேண்டும். பெயர்களைச் சொல்ல வேண்டும். மறுப்பவன் பேசி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு எல்லார் கண் முன்னாலும் கைகளை எண்ண வேண்டும். மழையில் கீழக்கரைக்காரர்கள் இன்னும் வந்தபாடில்லை.

சடையப்பன் தலைவரின் முத்திரை மோதிரத்தை எடுத்துக்கொண்டு குருவின் மண்டபத்துக்கு ஓடினார். தலை நரைத்த பிறகும் கவலை வந்தால் அவருக்குப் போக்கிடம் அந்த மண்டபம்தான்.

“சாமி, இதை உங்க கையால எங்க மேலக்கரை ஆதிமூலத்துக்குக் கொடுத்துடுங்க. உங்க பேச்சை ஊரு தட்டாது.”

“அவை?”

“வெள்ளம் தலைக்கு மேல போகுது. இப்பப் போயி முறை பாக்க ஏது சாமி நேரம்?”

“ஆதிமூலம் எந்தக் கரையை வெட்டுவான்?”

“கீழக்கரையை.”

“கீழக்கரைக்காரங்க என்ன சொல்றாங்க?”

“அவங்கதான் இன்னும் வரலையே!”

குரு வெளியே எட்டிப் பார்த்தார். “நனைஞ்சுக்கிட்டு நிக்கிறது யாரு?”

“பெரியாண்டி. மோதிரம் யார் கைக்குப் போகுதுன்னு பாக்கப் பின்னாலேயே வந்துட்டான்.”

பதவி என்றால் பெரியாண்டிக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். குரு அவனை உள்ளே கூப்பிட்டு மோதிரத்தை அவன் விரலில் மாட்டிவிட்டார்.

பெரியாண்டியின் நிலமெல்லாம் கீழக்கரையில். மோதிரம் ஏறியதுமே அவன் வாசலைப் பார்த்துக் கத்தினான்.

“மேலக்கரையை வெட்டுங்கடா!”

“செல்லாது!” என்று அலறினார் சடையப்பன். “பேரு சொல்லலை, மறுப்புக் கேக்கலை, ஒரு கையைக்கூட எண்ணலை. இவன் எப்படித் தலைவன்?”

“நேரமில்லைன்னு நீதானே சொன்னே” என்றார் குரு.

சடையப்பனின் பிள்ளைகளும் மாடு கன்றும் மேலக்கரையில் இருந்தன. வெளியே கூடிவிட்ட ஊராரில் சிலர் மண்வெட்டியைத் தூக்கினார்கள், சிலர் கம்பைத் தூக்கினார்கள். “எவன்டா தலைவன்?” என்று ஒரு குரல் கேட்டது. மானம் பார்க்கிற நேரமா அது? குருவின் காலில் விழுந்தார்.

“தப்புதான் சாமி. அதைக் கழட்டச் சொல்லுங்க.”

“கழட்டு” என்றார் குரு.

பெரியாண்டி விரலை மடக்கிக்கொண்டான். “மாட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான்.”

“சாமி, உங்க பேச்சையே தட்டுறானே!”

“நான் கொடுத்தேன், மாட்டிக்கிட்டான். நான் சொன்னா கழட்டணும்னு எந்த முறையில இருக்கு, சடையப்பா?”