தோள் லேட்டு, மாமா

குரு சிஷ்யன் கதைன்னு சொன்னதுமே உங்க மனசுல ஒரு ஆலமரம் முளைச்சிருக்குமே? கீழ ஒரு தாடி. தாடிக்கு எதிர்ல கைகட்டி ஒரு பையன். கடைசியில தாடி ஒரு பூவ நீட்டும், பையனுக்கு ஞானம் வந்துரும், நீங்க எந்திரிச்சுக் காப்பி குடிக்கப் போயிரலாம்.

வெட்டிருங்க அந்த மரத்த. இந்தக் குருவுக்குத் தாடி இல்ல, சுகர் இருக்கு. பேரு டாக்டர் ஞானதுரை. மதுரையில ஒரு ஆஸ்பத்திரி மாடியில புள்ளைங்களுக்கு நரம்பு வைத்தியம் பாக்குறவரு. சிஷ்யை டாக்டர் பானு. புதுசா வந்தவங்க, கெட்டிக்காரங்க, சிரிக்க மாட்டாங்க.

நடுவுல நான் எங்க வந்தேன்? சொல்றேன்.

சில புள்ளைங்களுக்குக் கண்ணு தானா வெட்டும். தோள் தானா எகிறும். தொண்டையில இருந்து ஒரு சத்தம் தானா கிளம்பும். அடக்குடான்னா கொஞ்ச நேரம் அடக்குவாங்க, அப்புறம் சேத்து வச்சு வரும். அதுக்கு ஒரு புது மாத்திரைய டாக்டர் சோதிச்சுக்கிட்டிருந்தாரு. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. எது யாருக்குன்னு குடுக்குறவருக்கும் தெரியாது, முழுங்குறவனுக்கும் தெரியாது. வெட்டு குறையுதான்னு எண்ணணும், அவ்வளவுதான். எண்ணிப் பழக ஒரு ஆளு நடிச்சுக் காட்டணும்ல? மிமிக்ரி பண்ற என்னையக் கூப்பிட்டாங்க.

நான் பாத்துப் பழகுன பையன் அகிலன். நாலாப்பு. கண்ணு ரெண்டும் இறுகும், இடது தோள் காதத் தொடும், உடனே "க்ஹீக்"னு ஒரு சத்தம், நாய்க்குட்டி வால மிதிச்ச மாதிரி. அப்படியே செஞ்சு காட்டினேன். ரூமே கைதட்டுச்சு.

பையன் மட்டும் உதட்டப் பிதுக்கினான். "கண்ணு சரி. சத்தமும் சரி. தோள் லேட்டு, மாமா."

இந்தத் தொழில்ல எனக்கு டைமிங் சொல்லிக் குடுத்த ஒரே ஆளு அவன்தான். பழிக்குப் பழியா அவன் ஹெட்மாஸ்டர் மாதிரி இருமிக் காட்டினேன். நாற்காலியில இருந்து வழுக்கி விழுந்து சிரிச்சான். சிரிப்புக்கு நடுவுலயும் க்ஹீக், க்ஹீக்.

அவன் அப்பா மாசிலாமணி, வாழைக்காய் மண்டியில லோடு ஏத்துறவரு. டாக்டர் கையப் புடிச்சவரு விடவே இல்ல. "அய்யா, அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுங்கய்யா. பள்ளிக்கூடத்துல வராதேன்னுட்டாங்க. அடிச்சும் பாத்துட்டேன்யா. தூக்கத்துலயும் அதான்யா கேக்குது."

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி கூப்பிட்டாங்க.

மாடி ஏறுறப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு. வராண்டா பெஞ்சுல வரிசையா புள்ளைங்க. சிலது வழக்கம் போல வெட்டிக்கிட்டு, ஒண்ண ஒண்ணு கிள்ளிக்கிட்டு. நடுநடுவுல சிலது மட்டும் கை மடியில, கண்ணு எதிர்ச் சுவத்துல. பக்கத்துல இருக்கவன் கிள்ளுறான். திரும்பக்கூட இல்ல.

அகிலன் கண்ணாடி ரூம்ல தனியா இருந்தான். ஆள் பாத்தா புள்ளைங்க அடக்கிக்கும். அதனால உள்ள ஒரு நாற்காலி, ஒரு கேமரா, ஒரு புள்ள. நாங்க இந்தப் பக்கம் இருட்டுல. கண்ணாடியில அவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும்.

பானு எண்ணி முடிச்சு நிமிந்தாங்க.

"சைபர் சார். கண்ணு இல்ல, தோள் இல்ல, சத்தம் இல்ல. கழுத்து வலியும் போயிருச்சாம். ஸ்கூல்ல சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க. வருஷம் முழுக்கத் தொடரலாம்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது. இதுக்கு மேல என்ன சார் பாக்கணும்?"

டாக்டர் என் பக்கம் திரும்பினாரு. "உள்ள போயி அவனச் சிரிக்க வையும்யா."

"அத எதுல சார் எண்ணுறது?"ன்னாங்க பானு.

"நீதான் எண்ணி முடிச்சுட்டேல்லம்மா."

உள்ள போனேன். ஹெட்மாஸ்டர இருமினேன்.

"நல்லாருக்கு, மாமா."

அண்டங்காக்கா. மினிபஸ் ஹாரன். பந்தியில மோருக்குக் கத்துற பெருசு.

"நல்லாருக்கு, மாமா."

அதே குரல். அதே அளவு. நல்ல புள்ள, கேட்டதுக்கு பதில் சொல்லுது. சரின்னு டாக்டரையே எடுத்தேன். கண்ணாடிய மூக்கு நுனிக்குத் தள்ளி, "எவன்யா இங்க அல்வா வச்சது?" அந்தப் பக்கம் சிரிக்காத பானு க்ளுக்குன்னாங்க, ஸ்பீக்கர்ல கேட்டுச்சு.

பையன் என்னையப் பாத்தான். "நல்லாருக்கு, மாமா."

மேடையில செருப்பு வாங்கியிருக்கேன். பயந்ததில்ல. இப்ப பயந்தேன்.

ஒண்ணுதான் பாக்கி. அவனையே பண்ணேன். வேணும்னே தப்பா. கண்ணு, சத்தம், அப்புறம் நிதானமா தோள். சொல்லுடா, சொல்லித் தொலைடான்னு அவன் வாயையே பாத்தேன்.

"நல்லாருக்கு, மாமா."

எனக்கு வேற சரக்கு இல்ல. கைய மடியில வச்சுட்டு உக்காந்துட்டேன்.

அப்பத்தான் என் கண்ணு ரெண்டும் இறுகுச்சு. தோள் காதத் தொட்டுச்சு. "க்ஹீக்."

நான் பண்ணல. சத்தியமா நான் பண்ணல. டைமிங் அச்சு அசல். மறுபடியும் வந்துச்சு. வாயப் பொத்தினேன், கைய மீறி வந்துச்சு. எதிர்க் கண்ணாடியில பாத்தா, அசையாம ஒரு பையன், பக்கத்துல எகிறிக்கிட்டு ஒரு நாப்பத்தஞ்சு வயசுக்காரன். பையன் என் தோளப் பாக்குறான், பழகுன ஆள எங்கயோ பாத்த மாதிரி.

ஸ்பீக்கர்ல பானு குரல் இறங்கியிருந்துச்சு. "சார்... இந்தச் சத்தத்த யாரு கணக்குல சேக்குறது?"

"கதவத் திறம்மா."

திறந்தாங்க. வராண்டாவுல மாசிலாமணி. ரூமுக்குள்ள என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டிருக்கு. போன் காதுல, ஒத்தக் கால்ல செருப்பு, மூஞ்செல்லாம் பல்லா ஓடி வர்றாரு:

"ஏய் பூரணம், வந்துட்டான்டி! நம்ம புள்ள திரும்ப வந்துட்டான்!"