சும்மா சுற்றும் டர்பைன்

பெரிய அதிகாரி என்றால் வந்த அன்றே ஒருவனையாவது வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும் போல. எங்கள் எரிவாயு மின்நிலையத்துக்கு வந்த புது மேலாளர், தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீக்காவலாள் மாசாணத்தைப் பிடித்துக்கொண்டார். மாசாணம் பதறி எழுந்தான்.

“இந்த வருஷம் என்னய்யா வேலை பார்த்தே? ஒண்ணைக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

“தீயே பிடிக்கலீங்களே ஐயா. சரி, வரலை. அப்படியே ரெண்டாவது டர்பைனையும் நிறுத்திடுங்க. அதுவும் பாதி லோடுல சும்மாதான் சுத்துது.”

“மடையா! முதல் டர்பைன் திடீர்னு நின்னா யாரு தாங்குறது? அதுக்குத்தான் அது தயாராச் சுத்துது. இல்லேன்னா ஊரே இருட்டாயிடும்!”

“நானும் அதுக்குத்தாங்க ஐயா இருக்கேன். என்ன, நான் கேஸ் குடிக்கிறதில்லை.”

கூட நின்ற இஞ்சினியர்கள் சிரித்துவிட்டார்கள். மேலாளர் டர்பைனைப் பார்த்தார், மாசாணத்தைப் பார்த்தார்.

“உட்காருய்யா,” என்றார்.