துறுதுறு பார்த்த ரோஸ் பட்டன்

ஒரு ஊர்ல ஒரு எறும்பு இருந்துச்சு, பேரு துறுதுறு. அமுதினி, ஃபேனை எண்ணாதே, ஒண்ணுதான் இருக்கு. அத்தை கதைக்கு 'ம்' கொட்டு.

"ம்."

எறும்புங்க முன்னால போறவங்க வாசனையைப் பிடிச்சுக்கிட்டு, தலை நிமிராம போகும். துறுதுறுவுக்கு அது மட்டும் வராது. வேணும்னு பண்ணலடி, பாவம், முயற்சி பண்ணியும் வரல. சர்க்கரை எடுத்துட்டு வான்னு அனுப்பினா, கரண்டியில தன் மூஞ்சியைப் பார்த்துட்டு வெறுங்கையோட வந்துச்சு. அப்புறம் தோசைத் துணுக்குக்கு அனுப்பினா, 'சொய்ங்'னு தாளிக்கிறதை வேடிக்கை பார்த்து, துணுக்கை எங்க வச்சோம்னே மறந்துடுச்சு. அப்போ வரிசைத் தலைவர் மீசைக்கார அண்ணன், "இன்னொரு தடவை வேடிக்கை பார்த்தே, வரிசையில சேர்க்க மாட்டேன்"னாரு. துறுதுறுவுக்கு அழுகையா வந்துச்சு.

"எங்க மிஸ்ஸும் அப்படித்தான் சொன்னாங்க அத்தை."

தெரியும்டி. கேளு.

அப்புறம் ஒரு நாள் ஆளுக்கொரு சர்க்கரை தூக்கிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பினாங்க. வானம் 'குடுகுடு'ங்குது. மழைத்தண்ணி உள்ள வர்றதுக்குள்ள சுவத்து மேல இருக்கற புத்துக்குப் போகணும், இல்லேன்னா அத்தனை பேரும் முழுகிடுவாங்க. சரசர சரசரன்னு போறாங்க. வழியில ஒரு முறுக்கு டப்பா. அண்ணன் அதைச் சுத்திப் போனா, அங்க அவர் வரிசையிலேயே கடைசியா வந்த எறும்போட வாசனை வந்துச்சு. வழி கிடைச்சிடுச்சுன்னு அதையே பிடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான், டப்பாவைச் சுத்திச் சுத்தி, சுத்திச் சுத்தி. ஒருத்தரும் தலை நிமிரல, அவ்வளவு கவனம்.

துறுதுறு மட்டும் கீழ கிடந்த ரோஸ் பட்டனைப் பார்த்துச்சு. கொஞ்சம் போனா, மறுபடி ரோஸ் பட்டன். இன்னும் கொஞ்சம் போனா, திரும்பவும் ரோஸ் பட்டன்.

"அண்ணே, வழியெல்லாம் ரோஸ் பட்டனா இருக்கே?"

"பேசாம நட."

அப்போ தண்ணி சலசலன்னு வாசப்படி தாண்டிடுச்சு. வரிசையை விட்டா அண்ணன் சேர்க்க மாட்டாரு. விடலேன்னா எல்லாரும் போச்சு. துறுதுறு பயந்துகிட்டே வெளிய குதிச்சு, புத்து தெரியற பக்கம் ஓடுச்சு. பின்னால வந்தவங்க அதோட வாசனையைப் பிடிச்சுக்கிட்டே ஓடிவந்தாங்க. அவங்களுக்குத்தான் நிமிர்ந்து பார்க்கத் தெரியாதே. கடைசியா அண்ணன், கால் நனைஞ்சு, சளக் சளக்னு.

மூச்சு வாங்கிட்டு, "உன் சர்க்கரை எங்க?"ன்னு கேட்டாரு.

"பட்டன் மேல வச்சேன்ணே. மறந்துட்டேன்."

அண்ணன் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாரு. ஒருத்தர் விடாம இருந்தாங்க. தன் சர்க்கரையில பாதியை உடைச்சு அதுக்குக் கொடுத்தாரு. "நாளையிலேர்ந்து என் பக்கத்துல நட. சர்க்கரையை நான் ஞாபகம் வச்சுக்கறேன், வழியை நீ பாரு"ன்னாரு.

"ம்... அத்தை, அது என் சட்டை பட்டன். காலையில தொலைச்சேன்."

தெரியும். நாளைக்கு ரெண்டு பேரும் தேடலாம். எறும்பும் வீடு சேர்ந்துச்சு, கதையும் வீடு சேர்ந்துச்சு, நீ கண்ணை மூடு.